மாட்ரிட்டில் ஓவியமும் உணவும் பேச்சுமாக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில் ஒரே ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. நல்ல ஓவியங்களைப் பார்க்க வேண்டும், ஊர்க்காரர்கள் உண்பதுபோல் உண்ண வேண்டும், முடிந்தால் நாலு பேரோடு பேசிப் பழகவும் வேண்டும் என்று எண்ணுகிற பயணிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. அந்த நகரத்தின் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி மற்றவற்றை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பிராடோ, ரெய்னா சோபியா, தைசன் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

நடந்து முடிக்கலாம், பார்த்து முடிக்க இயலாது. மூன்றும் பிராடோ நடைச்சாலையை ஒட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து நிமிட நடைக்குள் அமைந்திருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ இந்தச் சாலையையும் அருகிலுள்ள ரெத்தீரோ பூங்காவையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு அருகருகே இருப்பதால்தான் பயணிகள் ஆசைப்பட்டு மூன்றிலும் நுழைந்துவிட்டு, மூன்றாவதில் ஓவியங்களை விட்டுவிட்டு உட்காரும் பலகைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். காலையில் பிராடோ, மாலையில் ரெய்னா சோபியா, இடையில் நீண்ட மதிய உணவு என்று வைத்துக்கொள்வதே உகந்தது. மூன்றுக்கும் சேர்த்துச் சலுகை விலையில் ஒரு கூட்டு அனுமதிச்சீட்டு விற்கப்படுகிறது. அதை வாங்கினாலும் மூன்றையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாரத்தில் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது?

செவ்வாய்க்கிழமை ரெய்னா சோபியாவுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அது பிற்பகல் 2.30 மணிக்கே மூடிவிடும். ஆகவே புதன் முதல் வெள்ளி வரையிலான ஒரு நாள் மிகப் பொருத்தம். வார நாள்களில் மட்டும் குறைந்த விலையில் கிடைக்கும் மதிய உணவும் அப்போது கிட்டும். ஞாயிற்றுக்கிழமைதான் அமைகிறது என்றால் திட்டத்தையே மாற்றிவிடலாம்: காலையில் ராஸ்த்ரோ என்னும் பழம்பொருள் தெருச்சந்தை, நண்பகலில் பக்கத்து லா லத்தீனா பகுதியின் மதுக்கூடங்களில் ஊரே கூடி நின்று வெர்மூத் என்னும் மூலிகை மணமூட்டிய ஒயின் அருந்தும் வழக்கம், பிற்பகலில் பிராடோ. பழகுவதற்கு அந்த ஞாயிறு நண்பகலைவிட எளிதான நேரம் வேறு இல்லை.

காலை உணவை விடுதியிலேயே முடித்துக்கொள்ளலாமா?

கூடாது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதில் மாட்ரிட்டின் சுவை எதுவும் இருக்காது. தெருமுனையில் எந்தச் சிற்றுண்டிக் கடையிலும் வாட்டிய ரொட்டியின்மேல் துருவிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்துத் தருவார்கள். உடன் பால் கலந்த காபி. கடையின் மேடையருகே நின்றபடியே உண்டு கிளம்பலாம். இனிப்பு வேண்டுவோருக்குச் சூர்ரோவும் கெட்டியான சூடான சாக்லேட்டும் உண்டு. மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றைப் பிசைந்து முறுக்குப்போல் அச்சில் பிழிந்து எண்ணெயில் பொரிப்பதே சூர்ரோ. சோல் சதுக்கத்துக்கு அருகில் 1894 முதல் இயங்கும் சான் கினேஸ் கடை இதற்குப் பெயர் பெற்றது. காலையைவிட இரவு முடிந்து வீடு திரும்புவோரின் கூட்டமே அங்கு அதிகம்.

பிராடோவில் எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

1819-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் சுவர்களில் உள்ளன. இரண்டரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஓவியங்களுக்கு மட்டும் இடம் கொடுங்கள். மற்றவற்றைக் கடந்து செல்லும்போது குற்ற உணர்வு வேண்டாம்.

முதலில் 12-ஆம் அறை. அங்கே தியேகோ வெலாஸ்குவெஸ் 1656-இல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ இருக்கிறது. மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் கொண்ட இந்த ஓவியத்தின் நடுவில் சிறுமி இளவரசி மார்கரீத்தா நிற்கிறாள். பணிப்பெண் ஒருத்தி மண்டியிட்டு, தட்டில் ஒரு சிறிய சிவந்த மண்பாத்திரத்தை நீட்டுகிறாள். இடப்புறம் ஓவியரே தூரிகையோடு நின்று நம்மைப் பார்க்கிறார். பின்சுவரின் கண்ணாடியில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள் என்பதைக் கவனித்த பிறகுதான், ஓவியத்துக்கு வெளியே நாம் நிற்கும் இடம் உண்மையில் அவர்களுடைய இடம் என்பது உறைக்கும். வெலாஸ்குவெஸின் மார்பிலுள்ள சிவப்புச் சிலுவையையும் பாருங்கள்: அது சந்தியாகோ வீரர் குழுவின் அடையாளம். அந்தக் குழுவில் அவர் சேர்க்கப்பட்டது 1659-இல்தான் என்பதால், ஓவியம் முடிந்த பிறகு அது சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டம் வழிகாட்டியோடு வந்து, ஐந்து நிமிடத்தில் போய்விடும். சுவரோரமாகக் காத்திருந்தால் சில நிமிடங்களாவது அறை உங்கள் வசமாகும்.

அடுத்து பிரான்சிஸ்கோ கோயா. நெப்போலியனின் படைகள் மாட்ரிட் மக்களைச் சுட்டுக்கொன்ற நிகழ்வை அவர் 1814-இல் வரைந்த ‘1808 மே 3’ ஓவியத்தைப் பார்த்துவிட்டு, நேரே 67-ஆம் அறைக்குச் செல்லுங்கள். காது கேளாத முதியவராக நகருக்கு வெளியே வாழ்ந்தபோது தம் வீட்டுச் சுவர்களிலேயே அவர் தீட்டிய பதினான்கு ‘கறுப்பு ஓவியங்கள்’ அங்கே உள்ளன. 1874 முதல் அவை சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டுத் துணிக்கு மாற்றப்பட்டன. தன் பிள்ளையைத் தின்னும் ரோமானியச் சனித் தேவனின் படம் அவற்றுள் ஒன்று. அது இருந்த கீழ்த்தள அறையே வீட்டின் உணவறை என்று கருதப்படுகிறது. சாப்பாட்டுக்கு முன்பு பார்ப்பதா பின்பு பார்ப்பதா என்று முடிவு செய்வது உங்கள் வயிற்றின் உறுதியைப் பொறுத்தது.

உணவில் ஆர்வம் உள்ளவர்கள் பெரும்பாலோர் தவறவிடும் பகுதி ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் லூயிஸ் மெலெந்தெஸ் வரைந்த சமையலறைப் படங்களில் ரொட்டியின் மேலோடு, முலாம்பழத்தின் சொரசொரப்பு, செப்புப் பாத்திரத்தின் நெளிவு எல்லாம் கைக்கு எட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மீன்களையும் கூனைப்பூவையும் தட்டுகளையும் வரைந்த கிளாரா பீட்டர்ஸின் படைப்புகளும் இங்கே உள்ளன. 2016-இல் அவருக்காக நடத்தப்பட்ட கண்காட்சிதான் பிராடோ தன் வரலாற்றில் ஒரு பெண் ஓவியருக்கென்று தனியாக நடத்திய முதல் கண்காட்சி. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

பிராடோவுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. இது ஒரு வசதி என்றே கொள்ளலாம்.

ஓவியக் கலையைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கு இதனால் பயன் உண்டா?

உண்டு. ஒவ்வொரு ஓவியத்துக்கும் முன்னால், விளக்கப் பலகையைப் படிப்பதற்கு முன்பு, ‘யார் யாரைப் பார்க்கிறார்கள்? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பகல் ஒரு மணிக்கே பசிக்கிறது. உணவகங்கள் ஏன் இன்னும் தயாராகவில்லை?

மாட்ரிட்டில் மதிய உணவு 2 மணிக்குத் தொடங்கி 4 மணிவரை நடக்கும். இரவு உணவு 9 மணிக்குப் பிறகுதான். சோம்பல் என்று இதைப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். புவியியல் அமைப்பின்படி இங்கிலாந்தின் நேரமே ஸ்பெயினுக்கும் பொருந்தும். 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. அந்த மாற்றம் இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. அதனால் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது குளிர்காலத்தில் ஏறத்தாழ 1.15 மணிக்கு, கோடையிலோ 2.15 மணிக்கு. இரண்டு மணிக்கு உண்பவர் சூரியக் கணக்கின்படி சரியான நேரத்தில்தான் உண்கிறார். கடிகாரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், பெரும் பங்கு அதற்கு உண்டு.

பயணி செய்ய வேண்டியது எளிது. 11 மணிவாக்கில், உள்ளூர் அலுவலர்களைப் போலவே, ஒரு காபியும் ஒரு துண்டு உருளைக்கிழங்கு முட்டை அடையும் உண்டுவிட்டால் இரண்டு மணிவரை தாங்கும். ஆறரை மணிக்கு இரவு உணவு பரிமாறும் கடை தென்பட்டால், அது சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடத்தப்படுவது என்று அறிந்துகொள்ளலாம்.

மதியம் எங்கே, என்ன உண்பது?

கடை வாசலில் ‘மெனு தெல் தியா’ என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். முதல் உணவு, இரண்டாவது உணவு, ரொட்டி, ஒரு பானம், கடைசியில் இனிப்பு அல்லது காபி என எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 13 முதல் 18 யூரோவுக்குள் அடங்கும். முதல் உணவு சூப், சாலட், பருப்பு வகைகளுள் ஒன்றாக இருக்கும். இரண்டாவது மீன் அல்லது இறைச்சி. வியாழக்கிழமைகளில் பல கடைகளில் சோற்றுணவான பாயேயா இடம்பெறும் வழக்கம் உண்டு. குளிர்காலமாக இருந்தால் ‘கொசிதோ மாட்ரிலேன்யோ’ என்னும் கொண்டைக்கடலைக் குழம்பைத் தேடிச் செல்லலாம். ஒரே பானையில் வெந்ததை மூன்று தவணையாகப் பரிமாறுவார்கள்: முதலில் மெல்லிய சேமியா இட்ட சாறு, அடுத்துக் கடலையும் காய்களும், கடைசியில் இறைச்சி. உண்ட பிறகு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

1725-இல் தொடங்கிய போத்தீன் உணவகம் உலகின் மிகப் பழைய உணவகமாகக் கின்னஸில் இடம்பெற்றது. வரலாற்றுக்காகச் செல்லலாம், முன்பதிவு தேவை. 1916-இல் கட்டிய இரும்புக் கூரையோடு அழகாக இருக்கும் சான் மிகேல் சந்தை, விலையில் அவ்வளவு அழகாக இருப்பதில்லை. ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கவும் உண்ணவும் செல்லும் ஆந்தோன் மார்த்தீன் சந்தை, ரெய்னா சோபியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் வாக்கு அதற்கே.

சைவ உணவு உண்பவர்கள் என்ன செய்வது?

எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ஹமோன் துண்டுகள் தூவிய கீரையோ டூனா மீன் சேர்த்த சாலட்டோ வந்து நிற்கலாம். கொடுப்பவர் ஏமாற்றவில்லை, அவருடைய கணக்கில் ஹமோன் ஒரு வாசனைப் பொருள், அவ்வளவே. ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே விலக்க வேண்டும்: ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் அத்தூன்’ என்றால் இறைச்சி, ஹமோன், மீன், டூனா எதுவும் இல்லாமல் என்று பொருள். பருப்பு வகைகள் பெரும்பாலும் சொரீசோ தொத்திறைச்சியோடு வேகவைக்கப்படுகின்றன. குரோக்கெத்தா உருண்டைகளுக்குள்ளும் ஹமோன் இருப்பதே வழக்கம். ‘என்சலாதில்யா ருசா’ என்ற உருளைக்கிழங்குக் கலவையில் டூனா இருக்கும்.

நம்பி உண்ணக்கூடியவையும் நிறைய உள்ளன. குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோ, பொரித்த பத்ரோன் பச்சை மிளகாய், பொரித்த கத்திரிக்காயின்மேல் கரும்புப் பாகு ஊற்றியது, வதக்கிய காய்களாலான பிஸ்தோ ஆகியவை எளிதில் கிடைக்கும். பிஸ்தோவின்மேல் முட்டை வைப்பார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். காரமான தக்காளிச் சாறு ஊற்றிய பொரித்த உருளைக்கிழங்கும் உண்டு. அந்தச் சாற்றை இறைச்சி வேகவைத்த நீரில் செய்யும் கடைகளும் இருப்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் துணை நிற்கும். சாறும் சோறும் இல்லாமல் முடியாது என்னும் நிலை வந்தால், ரெய்னா சோபியாவுக்குப் பின்புறமுள்ள லவாபியெஸ் பகுதியில் தெற்காசிய உணவகங்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் பலவற்றை நடத்துவோர் வங்கதேசத்தவர். ஆகவே இட்லி, தோசையை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

ரெய்னா சோபியாவில் ‘கெர்னிகா’ தவிர வேறு என்ன உண்டு?

முதலில் அதைச் சொல்லிவிடுவோம். 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நாட்டின் கெர்னிகா நகரின்மேல் குண்டு வீசின. பாரிஸில் இருந்த பாப்லோ பிக்காசோ, அவ்வாண்டின் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்காக இதைச் சில வாரங்களில் வரைந்து முடித்தார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், ஏழேமுக்கால் மீட்டர் அகலம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் கிட்டத்தட்ட இல்லை. ஸ்பெயினில் மக்களின் உரிமைகள் மீளும்வரை ஓவியம் அங்கே செல்லக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. 1973-இல் அவர் இறந்தார், 1975-இல் பிராங்கோ இறந்தார், 1981-இல்தான் நியூயார்க்கிலிருந்து ஓவியம் மாட்ரிட் வந்தது. 1992 முதல் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிக்காசோ வரைந்துகொண்டிருந்தபோதே புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். ஓவியம் நாளுக்கு நாள் எப்படி மாறியது என்பதை அவற்றில் காணலாம். படம் எடுப்பதற்கு இருந்த தடை 2023-இல் நீக்கப்பட்டது. பிளாஷ் மட்டும் கூடாது.

பேச்சையும் பழக்கத்தையும் தேடி வருபவர்களுக்கு இங்கே இன்னோர் ஓவியம் முக்கியம். ஹோசே குத்தியேரெஸ் சொலானா 1920-இல் வரைந்த ‘போம்போ காபிக்கடைத் தெர்துலியா’. எழுத்தாளர்களும் கலைஞர்களும் வாரந்தோறும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து நள்ளிரவுவரை பேசும் கூட்டத்துக்குத் தெர்துலியா என்று பெயர். சோல் சதுக்கத்தருகே இருந்த போம்போவில் அத்தகைய கூட்டத்தை நடத்திய எழுத்தாளர் ராமோன் கோமெஸ் தெ லா செர்னா நடுவில் நிற்கிறார். மேசையில் போத்தல்களும் கோப்பைகளும். அந்தக் கடை இன்று இல்லை. 1888 முதல் ரெக்கொலேத்தோஸ் சாலையில் இருக்கும் கிகோன் காபிக்கடை அந்த மரபின் மிச்சம். காட்சி அறைகள் அவ்வப்போது மாற்றி அமைக்கப்படுவதால், சொலானாவின் ஓவியம் எந்த அறையில் இருக்கிறது என்று வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலவச நேரத்தில் செல்வது நல்லதா?

பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணிவரையும், ரெய்னா சோபியாவில் செவ்வாய், ஞாயிறு தவிர்த்த நாள்களில் மாலை 7 முதல் 9 மணிவரையும் கட்டணம் இல்லை. பிராடோவில் வரிசை நீளும். அங்கே காலையில் பணம் கொடுத்தே செல்லுங்கள். ரெய்னா சோபியாவுக்கு இலவச நேரம் நன்றாகப் பொருந்தும். ஒன்பது மணிக்கு வெளியே வரும்போது ஊர் சாப்பிடத் தொடங்கியிருக்கும்.

இரவில் தபாஸ் கடைகளில் எப்படி நடந்துகொள்வது?

தபாஸ் என்பது சிறு தட்டுகளில் வரும் உணவு. ஒரே கடையில் அமர்ந்து பத்துத் தட்டு வரவழைப்பது அங்குள்ள முறை இல்லை. ஒரு கடையில் ஒரு பானமும் அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரு தட்டும் முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதே வழக்கம். பானத்தோடு ஆலிவ் காயோ வறுவலோ கேட்காமலே வரும். அதற்குத் தனிக் காசு இல்லை. பெரிய தட்டுக்கு ‘ரசியோன்’, அதில் பாதிக்கு ‘மேதியா ரசியோன்’. உள்ளே மேடையருகே நிற்பதைவிட வெளியே மேசையில் அமர்ந்தால் விலை சற்றுக் கூடும் கடைகள் உண்டு. ரசீதை நீங்கள் கேட்கும்வரை யாரும் கொண்டுவர மாட்டார்கள். கேட்காமல் கொடுப்பது எழுந்து போகச் சொல்வதற்குச் சமம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். சில்லறையை விட்டு வந்தால் போதும், பெரிய அன்பளிப்பை எதிர்பார்ப்பதில்லை.

லா லத்தீனாவின் காவா பாஹா தெருவும், அருங்காட்சியகங்களுக்கு மேலே ஏறும் உவெர்த்தாஸ் தெருவும் இதற்கு ஏற்றவை. உவெர்த்தாஸ் தெருவின் தரையில் இலக்கிய வரிகள் பதிக்கப்பட்டுள்ளன. அப்பகுதியில் வாழ்ந்த செர்வாந்தெஸும் லோப்பே தெ வேகாவும் ஒருவரையொருவர் பொறுக்காத எழுத்தாளர்கள். இன்று லோப்பேயின் வீடு செர்வாந்தெஸ் தெருவில் இருக்கிறது. செர்வாந்தெஸ் அடக்கமான மடம் லோப்பே தெ வேகா தெருவில் இருக்கிறது. நகராட்சிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றே தோன்றுகிறது.

மது அருந்தாதவர் அங்கே அந்நியமாக உணர்வாரா?

இல்லை. மோஸ்தோ என்னும் திராட்சைச் சாறு, மதுச்சத்து இல்லாத பீர், குமிழ் நீர் ஆகியவை எந்தக் கடையிலும் உண்டு. யாரும் காரணம் கேட்பதில்லை. 2022-இல் வந்த சட்டப்படி குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டியது கடையின் கடமை. மாட்ரிட்டின் குழாய் நீர் நல்ல சுவையுடையது.

உள்ளூர் மக்களோடு பேசிப் பழக வாய்ப்பு எப்படி அமையும்?

மாட்ரிட்டில் நட்பு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, தெருவிலும் கடையிலும் வளர்கிறது. பலநாள் பழகியவரும் வீட்டுக்கு அழைக்காமல் இருப்பது அங்கே குறையாகாது. ஆகவே மேசையைவிடக் கடை மேடையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் நிற்பவரின் தட்டைக் காட்டி ‘அது என்ன?’ என்று கேட்பது யாரையும் புண்படுத்தாது. பத்து நிமிடப் பேச்சுக்கு அதுவே போதும். மொழிப் பரிமாற்ற மாலைகள் இன்னும் உறுதியான வழி: ஸ்பானியர் ஆங்கிலமும் வெளிநாட்டவர் ஸ்பானியமும் பேசிப் பழகுவதற்காகச் சில மதுக்கூடங்களில் வார நாள்களின் இரவுகளில் கூடுகிறார்கள். தனியாக வருவோரே அங்கு அதிகம். ‘மாட்ரிட் இன்டர்காம்பியோ’ என்று இணையத்தில் தேடினால் அன்றைய கூட்டங்கள் தெரியவரும்.

அறிமுகத்தின்போது பெண்களுக்கிடையிலும் ஆண் பெண்ணுக்கிடையிலும் இரு கன்னங்களையும் உரசி வாழ்த்துவது வழக்கம். விருப்பம் இல்லாதவர் முதலிலேயே கையை நீட்டிவிட்டால் எதிரிலிருப்பவர் புரிந்துகொள்வார். பேச்சில் குறுக்கிடுவதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. அமைதியாக முறை வரும்வரை காத்திருப்பவருக்கு முறை வராமலே போகலாம். மதிய உணவு முடிந்து தட்டுகள் எடுக்கப்பட்ட பின்பும் ஒரு மணி நேரம் அப்படியே அமர்ந்து பேசுவதற்குச் ‘சோப்ரேமேசா’ என்று பெயர். யாராவது உங்களை உணவுக்கு அழைத்தால், அதன்பின் உடனே கிளம்ப வேண்டிய வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாள் முழுவதற்கும் எவ்வளவு செலவாகும்?

பிராடோவுக்கு 15 யூரோ, ரெய்னா சோபியாவுக்குக் கட்டணம் செலுத்தினால் 12 யூரோ, காலை உணவுக்கு ஐந்து, மதியத்துக்குப் பதினைந்து, இரவுத் தபாஸுக்கு இருபது முதல் இருபத்தைந்து எனச் சேர்த்தால் ஏறத்தாழ எழுபது யூரோவில் முடியும். கட்டணங்கள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்க்கவும்.

தனியாகச் செல்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இரவில் அறைக்குத் திரும்புவது எளிதா?

நள்ளிரவிலும் குழந்தைகளோடு குடும்பங்கள் தெருவில் இருக்கும் ஊர் அது. மையப் பகுதியில் நடப்பது பொதுவாக அச்சம் தருவதில்லை. கவனம் வேண்டியது பிக்பாக்கெட்டுகளிடம்தான்: சோல் சதுக்கம், ராஸ்த்ரோ சந்தை, நெரிசலான மெட்ரோ ஆகிய இடங்களில் பையை முன்புறம் மாட்டிக்கொள்ளுங்கள், வெளி மேசையில் கைபேசியை வைக்காதீர்கள். அருங்காட்சியகங்களுக்கு அருகிலுள்ள மெட்ரோ நிலையம் முதலாம் தடத்தின் ‘எஸ்தாசியோன் தெல் ஆர்தே’. மெட்ரோ காலை 6 மணி முதல் இரவு 1.30 மணிவரை ஓடும். அதற்கும் மேல் பேச்சு நீண்டுவிட்டால், சிபேலேஸ் சதுக்கத்திலிருந்து நகரின் எல்லாத் திசைகளுக்கும் இரவுப் பேருந்துகள் புறப்படுகின்றன.